மேல இருந்து "ரெண்டு கிலோ வெட்டு"ங்குறாங்க, கீழ நம்ம சனம். நடுவுல நிக்கிறவன் என்ன செய்யணும்?

மேமலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னைக்கு ஒரு விஷயம் கேக்கணும். இலங்கை மலைநாட்டுல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல வெளிக்கள உத்தியோகத்தரா இருக்கேன், வேலைக்குப் புதுசு. எங்க லயத்துல (தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடு) பொறந்து அந்தக் கதிரைல உக்காந்த மொத ஆளு நான்தான்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. சித்தி இன்னும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகுது, அதுவும் என் டிவிஷன்லயே, என் தராசுலயே.

மழை நாளுல தண்ணிக்கழிவுன்னு ஒரு கிலோ ரெண்டு கிலோ கழிக்கிறது எல்லா தோட்டத்துலயும் உள்ளதுதான், அத நான் பெருசா பேச வரல. இப்ப கொஞ்ச காலமா வெயில் அடிச்சாலும் நிறுவைக்கு ரெண்டு கிலோ வெட்டணும்னு சொல்லிட்டாங்க. வாய்ச்சொல் மட்டும்தான், எழுத்துல ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு மூணு நிறுவை, கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோதான் நோர்ம். 22 கிலோ எடுத்த பொம்பள 16 ஆகிப் போகுது, செக்ரோல்ல (சம்பளப் பதிவுப் புத்தகம்) அரப்பேர் விழுகுது. பாதி நாள் சம்பளம்தான். பேருக்கு மேல எடுத்த கிலோவுக்கு வர வேண்டிய காசும் போச்சு.

அது ஒண்ணு. இன்னொண்ணு, மேமலை டிவிஷன துண்டு துண்டாப் பிரிச்சு வெளியாள் முறைக்கு (தேயிலை நெலத்த ஆளுக்கொரு துண்டாக் குடுத்து, கொழுந்த கொம்பனிக்கு விக்கச் சொல்றது) குடுக்கப் போறாங்கன்னு ஒபீஸ்ல பேச்சு இருக்கு. சனத்துக்கிட்ட வாயத் தொறக்காதன்னு எங்க தொர, முகாமையாளர் சேர், சொல்லிட்டாரு. காலைல பேர் குடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துல தெனம் கேக்குறாங்க, ஐயா எங்களுக்கு வேல இருக்குமா, ஈபிஎப் (சேமலாப நிதி) என்னாகும்னு. நான் தரையப் பாத்துட்டு நிக்கிறேன்.

நேர்மையா இரு, தைரியமா இருன்னு சொல்லிரலாம். குவாட்டர்ஸ் கொம்பனிது, பொஞ்சாதி மாசமா இருக்கு. உண்மையா நடந்த ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

லிந்துலை லயன்:
ப்ரோ கோவிச்சுக்காதீங்க. எங்கம்மா அந்தத் தராசுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளு. வெட்டுறது உங்க கை. மேல இருந்து சொன்னாங்கங்குறது உங்களுக்கு ஆறுதலா இருக்கலாம், எங்க வீட்டுல மாவு வாங்குற காசு அதுல கொறையுது, அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும். நம்ம புள்ள ஒபிசரா வந்துருச்சுன்னு எங்க லயத்துலயும் ஒரு காலத்துல பட்டாசு போட்டோம், பொறகு அந்த ஆளுதான் வெள்ளக்கார தொரையவிட மோசம்னு ஆச்சு.

மேமலைக்காரன்:
கோவம் இல்ல தம்பி. அந்தப் பயத்துலதான் எழுதுனேன்.

இழை பொறுப்பாளர்:
சூடா பேசுங்க பரவால்ல. தோட்டத்துப் பேரு, கொம்பனிப் பேரு, தொரைப் பேரு யாரும் போட வேணாம். மேல ஒரு பதிவுல இருந்ததை எடுத்துட்டேன்.

பழைய கேபி:
தம்பி, நான் மஸ்கெலியா பக்கம் கணக்கப்பிள்ளையா (கேபின்னு சொல்லுவாங்க, மலைல வேலையப் பாத்துக்குற ஆளு) இருந்து ஓய்வு எடுத்தவன். பேரன் டைப் பண்ணித் தர்றான், பிழை இருந்தா அவன் காதத் திருகிக்கோங்க.

மொதல்ல ஒரு விஷயம் கேக்குறேன். உங்க மலை நிறுவைக்கும் பெக்டரி நிறுவைக்கும் வித்தியாசம் பாத்தீங்களா? வெயில் நாளுல மலைல நிறுத்த கொழுந்து லொறில போயி சேர்றதுக்குள்ள கொஞ்சம் வாடும், அதனால பெக்டரில நிறுத்தா ஒரு சொட்டு கொறஞ்சுதான் நிக்கணும். நிறுவைக்கு ரெண்டு கிலோ வெட்டுனா பெக்டரில கொழுந்து கூடுதலா நிக்கும். மலைல இருந்து போற வழில கொழுந்து குட்டி போடுமா? அந்தக் கூடுதல் எந்தக் கணக்குல போகுதுன்னு பாருங்க. யாரையும் எதுத்துப் பேச வேண்டியதில்ல, ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாப் போதும். களவு எங்க இருக்குன்னு புத்தகமே சொல்லிரும்.

நான் சின்னக் கேபியா சேந்த காலத்துல எனக்கு மேல ஒரு பெரிய கேபி. 1975க்கு அப்புறம், தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போயிருச்சு, நாளைக்கு யாரு தொரையா வருவான்னே தெரியாத காலம், அரசியல்வாதி சொன்ன ஆளெல்லாம் மேலதிகாரி. அந்த மனுசன் என்ன செய்வாருன்னா எடைய மனசுக்குள்ள வச்சுக்க மாட்டாரு. சத்தமா சொல்லுவாரு, துண்டுல எழுதுவாரு, எழுதுன துண்ட அந்தப் பொம்பள கைல குடுத்து வாசிக்கச் சொல்லுவாரு. வாசிக்கத் தெரியாதவங்கன்னா பக்கத்துல நிக்கிற பள்ளிக்கூடத்துப் புள்ளைய வாசிக்கச் சொல்லுவாரு. தண்ணிக்கழிவு போட்டா அதையும் தனியா எழுதுவாரு, "20, தண்ணி 1, 19"ன்னு. அவ்வளவுதான். சண்ட போட்டதில்ல, கொடி புடிச்சதில்ல. ஆனா வெட்டச் சொல்ற தொரைக்கு அவரு டிவிஷன்ல கூச்சமா இருக்கும், ஏன்னா வெட்டுறது வெளிச்சத்துல நடக்கும்.

லிந்துலை லயன்:
இது நல்லாருக்கு தாத்தா. எங்க மடுவத்துல (கொழுந்து நிறுக்குற எடம்) தராசு முள்ளு ஆட்டம் நிக்கிறதுக்கு முந்தியே எழுதிருவாங்க.

முன்னாள் சின்னதொரை:
நான் அந்தப் பக்கத்து ஆளு, அதனால திட்டு வாங்கத் தயாரா வந்திருக்கேன். உதவி முகாமையாளரா இருந்து விட்டுட்டு இப்ப வேற தொழில்.

தொரைக்கு மேலயும் ஒரு தொர இருக்கான்னு சனத்துக்குத் தெரியாது. கொழும்புல இருந்து மாசா மாசம் கேள்வி வரும், ஒரு பேருக்கு எத்தன கிலோ, ஒரு கிலோ தேயில செய்ய எவ்வளவு செலவுன்னு. வி.ஏ. (விசிட்டிங் ஏஜன்ட், கொம்பனிக்காகத் தோட்டத்த வந்து பாக்குற ஆளு) வருவாரு, புத்தகத்தப் பொரட்டுவாரு. 2021 மார்ச்ல நாள் சம்பளம் 1000 ரூவா ஆச்சு, அதே வருஷம் மே மாசம் ரசாயனப் பசளைய ஒரே அடியா நிப்பாட்டுனாங்க, நவம்பர்ல தடைய எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள தேயிலச் செடி காஞ்சு நின்னுச்சு. நாடு முழுக்க 2021ல கிட்டத்தட்ட 300 மில்லியன் கிலோ எடுத்தது 2022ல 250 மில்லியன் பக்கம் விழுந்துச்சு. அப்புறம் 2024 ஏப்ரல்ல 1700னு வர்த்தமானி, அது கோட்டுக்குப் போயி கடைசில 1350. அப்புறம் 2026 பட்ஜெட்ல 1750னு சொன்னாங்க, 1550 கொம்பனி, 200 அரசாங்கம் வரவுக்குக் குடுக்குறதுன்னு. இந்த நெருக்கடியெல்லாம் உண்மைதான்.

ஆனா நெருக்கடிய யாரு தலைல எறக்குறதுங்குறதுதான் கேள்வி. பசளை இல்லாம கொழுந்து கொறஞ்சதுக்கு கொழுந்து எடுக்குற பொம்பள என்ன செய்வா? எவரேஜ் காட்டணும்னு பேரைக் கொறைக்கிறது சுலபமான வழி, அதனாலதான் எல்லாரும் அங்க கை வைக்கிறாங்க. தம்பிக்கு நான் சொல்றது, தொரைய எதிரியா நெனச்சிட்டுப் போகாதீங்க. அவரு கைல வி.ஏ.கிட்ட காட்டக்கூடிய ஒரு தாளக் குடுங்க. எந்த மலைல செடி செத்துப்போச்சு, எங்க இடை நடவு வேணும், எங்க கவ்வாத்து (செடிய வெட்டி விடுறது) தள்ளிப்போகுது, ஏன் எவரேஜ் விழுகுது, ஒரு பக்கம் போதும். வேற வழி இல்லன்னுதான் பாதிப் பேரு தப்பு பண்றாங்க. மீதிப் பாதிய நான் வக்காலத்து வாங்கல.

ஹட்டன் புள்ள:
நான் கட்டுநாயக்கா ஸோன்ல ஒரு கார்மெண்ட்ல எச்.ஆர்.ல இருக்கேன், சொந்த ஊரு ஹட்டன். 2020 கொரோனா நேரத்துல ஓடர் எல்லாம் கென்சல், எத்தன பேர் நிப்பாங்க எத்தன பேர் போவாங்கன்னு எங்களுக்கே தெரியாது. மேல இருந்து சொன்னது இதேதான், ஒண்ணும் சொல்லாதீங்க, பதட்டம் வரும்னு. நாங்க சொல்லாம இருந்தோம், புள்ளைங்க தங்குற போடிங்ல கதை பெருசாச்சு, பெக்டரிய மூடப்போறாங்க ஈபிஎப் கெடைக்காதுன்னு. பயந்து புள்ளைங்க பையத் தூக்கிட்டு ஊருக்கு ஓடுனாங்க, தானா வெலகுனதா எழுதிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல.

எங்க லைன் சுப்பவைசர் ஒரு அக்கா, குருநாகல் பக்கம், சிங்கள அக்கா. அவங்க மட்டும் தன் லைன்ல நின்னு சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, வெள்ளிக்கிழம திரும்பச் சொல்றேன், அதுவரைக்கும் யாரும் கடிதம் எழுதிக் குடுக்காதீங்கன்னு. வெள்ளிக்கிழம அவங்களுக்குப் புதுசா ஒண்ணும் தெரியல, அப்பவும் வந்து நின்னு "இன்னும் தெரியல"ன்னு சொன்னாங்க. அந்த லைன்ல இருந்து யாரும் ஓடல. எனக்கு அந்த ரெண்டாவது தடவை வந்து நின்னதுதான் பெருசாத் தெரிஞ்சுது, மொத தடவ யாரும் பேசிருவாங்க.

போராளி:
இதெல்லாம் சின்ன விஷயம். 1940ல முல்லோயா தோட்டத்துப் போராட்டத்துல கோவிந்தன் பொலிஸ் குண்டடி பட்டான், 1977ல டெவன் தோட்டத்துல சிவனு லட்சுமணன் காணிக்காக செத்தான். அதுதான்யா தைரியம். இங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்குறதில்ல.

பதுளை டீச்சர்:
கோவிந்தன் பேரையும் லட்சுமணன் பேரையும் யாரும் மறக்கக் கூடாது, சரிதான். ஆனா அவங்க பேரைச் சொல்லி, வயித்துப் புள்ளையோட பொஞ்சாதி இருக்குற ஒருத்தனக் கேலி பண்றதுக்கு அவங்க சாகல. தெனம் காலைல தராசுகிட்ட நிக்கிறவனுக்கு வேற மாதிரி தைரியம் வேணும்.

நான் சொல்ல வந்தது சொல்லாம விடுறத பத்தி. கொஸ்லந்தை மீரியபெத்த, 2014 ஒக்டோபர் 29. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் அந்த எடம் மண்சரிவு ஆபத்துன்னு சொல்லியிருந்தாங்க. தாள் எங்கெங்கயோ பைல்ல இருந்துச்சு. காலைல மண்ணு வந்துச்சு, பள்ளிக்கூடம் போன புள்ளைங்க தப்பிச்சாங்க, திரும்பிப் பாத்தா லயமே இல்ல. அந்தத் தாள பாத்த உத்தியோகத்தர்ல எத்தன பேரு கெட்டவங்க? அனேகமா யாருமே இல்ல. ஒவ்வொருத்தரும் இது என் வேலை இல்ல, மேல அனுப்பிட்டேன்னு நெனச்சிருப்பாங்க. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்பவும் பாத்தோமே, நாட்டுல 600 பேருக்கு மேல போனாங்க, நம்ம மலைநாடுதான் அதிகமா அடி வாங்குச்சு. சனத்துக்குத் தெரிய வேண்டியத அடக்கி வைக்கிறதுக்குப் பேரு ஒழுக்கம் இல்ல தம்பி.

போராளி:
நான் கேலி பண்ணல டீச்சர். சரி, விடுங்க.

பெக்டரி பக்கம்:
ஒரு கதை சொல்றேன், நான் கண்ணால பாத்தது. 2022 மார்ச் கடைசி, கரண்ட் 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டுன நேரம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. கொழுந்து வாட்டுல (கொழுந்த வாட வைக்கிற தட்டு) காத்து ஓடணும், இல்லாட்டி சூடேறி சிவந்து புளிச்ச வாடை அடிக்கும், அப்புறம் ரோலர்ல போட்டாலும் அது தேயிலையா வராது. நாலரை கிலோ பச்சக் கொழுந்து எடுத்தா ஒரு கிலோ தேயில, ஆக ஒரு வாட்டு கெட்டாலே எத்தன பேரோட ஒரு நாள் வேலை குப்பைல போகுதுன்னு யோசிங்க.

எங்க டீமேக்கர் பெக்டரி வாசல்ல ஒரு கரும்பலகை வச்சாரு. புள்ளைக்காம்பராவுல (தோட்டத்துல சின்னப் புள்ளைங்களப் பாத்துக்குற எடம்) இருந்து எடுத்தாந்தது, ஓரத்துல அ ஆ எழுதுனது அழியாமலே இருந்துச்சு. தெனம் காலைல சோக்கட்டியால எழுதுவாரு, டீசல் எத்தன லீட்டர், ஜெனரேட்டர் எத்தன மணி ஓடும், இன்னைக்கு எத்தன கிலோ கொழுந்து எடுக்க முடியும். அதுக்கு மேல ஒரு சாக்கும் உள்ள விடமாட்டாரு. தொர வந்து எடு எடுன்னாரு, இவரு பலகையக் காட்டி "சேர், இதுக்கு மேல எடுத்தா புளிக்கும், புளிச்சத நான் நல்ல தேயிலைல கலக்க மாட்டேன், கலக்கணும்னா வேற ஆள வச்சுக் கலக்குங்க"ன்னாரு. சத்தம் போடாம, சேட்டு கையத் தொடச்சிக்கிட்டே சொன்னாரு. எனக்கு கால் நடுங்குச்சு, அவருக்கு நடுங்கல, இல்ல நடுங்குனது தெரியல.

அந்தப் பலகையால என்ன ஆச்சுன்னா, மலைல உள்ள சனமும் அதப் பாத்துட்டுப் போனாங்க. இன்னைக்கு வேல கொறவா இருக்கும்னா ஏன்னு தெரியும். யாரும் கூச்சல் போடல, ஒரு பெருசு அவரு பங்குக்கு வெறகு அடுப்பு சூட்டுக்கு மரம் வெட்டித் தாரேன்னு வந்து நின்னுச்சு. பின்னால அவருக்கு ப்ரமோஷன் கெடைக்கலன்னும் சொல்லணும், அந்தக் கதையையும் மறைக்கக் கூடாது. வேற தோட்டம் போயிட்டாரு.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சவன்:
நான் லோயர் இல்ல, ஆனா தொழில் திணைக்களம், நியாயசபைன்னு அலைஞ்ச அனுபவம் உண்டு. ஒபிசர் தம்பிக்கும் சனத்துக்கும் தனித்தனியா சொல்றேன்.

தம்பிக்கு: வாய்ச்சொல் உத்தரவ எழுத்துக்குக் கொண்டு வாங்க. சண்ட மாதிரி வேணாம், மரியாதையா ஒரு மெசேஜ், "சேர், வெயில் நாளிலும் நிறுவைக்கு 2 கிலோ கழிக்கச் சொன்னீர்கள், செக்ரோல்ல எந்தத் தலைப்பில எழுதணும்"னு. சம்பள நிர்ணய சபைச் சட்டம் அனுமதிக்காத கழிவ சம்பளத்துல கழிக்க முடியாது, இப்ப நடக்குறது கிலோவக் கழிச்சு பேரக் கொறைக்கிறது, சுத்தி வந்து அதே எடம்தான். அப்புறம் 15 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்ற எடத்துல ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம உங்கள நிறுத்தணும்னா உங்க எழுத்துச் சம்மதம் வேணும் இல்லாட்டி தொழில் ஆணையாளர் அனுமதி வேணும், 1971ம் வருஷச் சட்டம். அதனால என்ன செய்வாங்கன்னா ஒழுக்காற்றுன்னு எழுதப் பாப்பாங்க. அதுக்கு எடம் குடுக்காதீங்க, நேரத்துக்குப் போங்க, ரெஜிஸ்டர் சுத்தமா வைங்க. அப்படியே நிறுத்துனா தொழில் நியாயசபைக்கு 6 மாசத்துக்குள்ள போகணும். தோட்டச் சேவையாளர் சங்கத்துல இருக்கீங்களா இல்லையா? இல்லாட்டி நாளைக்கே சேருங்க, பிரச்சின வந்த பொறகு சேந்தா முகத்தப் பாப்பாங்க.

சனத்துக்கு: வெளியாள் முறைக்கு மாத்துறப்போ தாள்ல கையெழுத்து கேப்பாங்க. அந்தத் தாள்ல "சுய விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்"னு ஒரு வரி ஒளிஞ்சிருந்தா மேல சொன்ன பாதுகாப்பு போச்சு. ஈபிஎப்புக்கு நம்மகிட்ட 8 வீதம் எடுத்து கொம்பனி 12 போடணும், ஈடிஎப் (நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் கொம்பனிதான். அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம். இதெல்லாம் சொல்றது கிளர்ச்சி இல்ல, சட்டத்துல உள்ளத வாசிச்சுக் காட்டுறது. கொம்பனி ரகசியத்த சொல்லாம இதச் சொல்லலாம், ரெண்டும் வேற வேற.

மேமலைக்காரன்:
எல்லாரும் எழுதுனத படிச்சுப் படிச்சு கொஞ்சம் தெளிவாச்சு. கடைசியா என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. அடுத்த நாள் நல்ல வெயில், நான் வெட்டல. துண்டுல எழுதி கைல குடுத்தேன், கேபி ஐயா சொன்ன மாதிரி. கியூவுல நின்ன பொம்பளைங்க மொதல்ல நம்பல, ஒரு அக்கா துண்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஐயா மறந்துட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. சாயங்காலம் ஒபீஸ்க்குக் கூப்புட்டாங்க. சேர் கோவமா இருந்தாரு, உன்னக் கீமலைக்கு மாத்திருவேன்னாரு, எழுத்துல கேக்குற அளவுக்கு வளந்துட்டியான்னாரு. நான் ரெண்டு புத்தகத்தையும் கொண்டு போயிருந்தேன். மலை நிறுவை, பெக்டரி நிறுவை. ஒண்ணும் பேசல, வித்தியாசத்துக்கு நேரா பென்சில் கோடு போட்டு மேசைல வச்சேன். கூடவே செத்த செடி உள்ள மலைங்க பேரு எழுதுன தாளும். புத்தகத்த மூடிட்டாரு. தாள எடுத்துக்கிட்டாரு.

இப்போதைக்கு என் டிவிஷன்ல வெயில் நாள்ல வெட்டு இல்ல. மத்த டிவிஷன்ல இருக்கு. அங்க உள்ள கேபிமார் என்கூடப் பேசுறதில்ல, உன்னால எங்க சனம் எங்கள மொறைக்குதுங்குறாங்க, ஒரு வகைல பாவம்தான் அவங்களும். எனக்கு இங்கிரிமென்ட் வரும்னு தோணல. சித்தி வேற, "உனக்கு எதுக்குய்யா இந்த வேல, நான் அரப்பேர்ல இருந்துட்டுப் போறேன்"ங்குது.

டிவிஷன் குடுக்குற விஷயத்த பிரட்டுல சொன்னேன். முடிவு எனக்குத் தெரியாது, பேச்சு இருக்குன்னு நீங்களே கேள்விப்பட்டிருக்கீங்க, தாள்ல யாராவது கையெழுத்து கேட்டா சங்கத் தலைவர்கிட்டயும் படிச்ச புள்ளைங்ககிட்டயும் காட்டாம போடாதீங்கன்னு. அதுக்கு மேல போகல. கோழைத்தனம்னு யாராவது சொன்னா சொல்லுங்க.

முன்னாள் சின்னதொரை:
தாள எடுத்துக்கிட்டாரில்ல, அது சின்ன விஷயம் இல்ல. அடுத்த வி.ஏ. வர்றப்போ அது மேசைல இருக்கும் பாருங்க, அவரு சொந்தமா எழுதுன மாதிரி. அப்ப நீங்க கண்டுக்காதீங்க :)

பழைய கேபி:
மத்த கேபிமார்கிட்ட நீங்களாப் போயி பேசுங்க. தனியா நல்லவனா இருந்தா ரொம்ப நாள் தாங்காது, ரெண்டு பேரு சேந்தாத்தான் பழக்கமாகும். சேரிட்டப் போறதுக்கு முந்தியே அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், பரவால்ல, இப்பவும் நேரம் இருக்கு.

ஹட்டன் புள்ள:
அண்ணே, அடுத்த வாரமும் பிரட்டுல நில்லுங்க. புதுசா ஒண்ணும் இல்லாட்டியும்.

லிந்துலை லயன்:
ப்ரோ, மொத பதிவுல நான் கொஞ்சம் கடுமையாத்தான் எழுதுனேன், வாபஸ் வாங்கல, ஆனா உங்க தராசுல எங்கம்மாவ அனுப்புவேன். ஒரு கேள்வி, தராசே பொய் சொன்னா? எங்க மடுவத்துத் தராசு சும்மா தொங்கும்போதே முள்ளு பூஜ்யத்துல இல்ல.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சவன்:
தொழிலுக்குப் பாவிக்கிற தராசு வருஷா வருஷம் பரிசோதிச்சு முத்திரை போடணும், அளவீட்டு அலகுகள் நியமங்கள் சேவைகள் திணைக்களம்னு இருக்கு, மாவட்டச் செயலகத்துல கேட்டா ஆளக் காட்டுவாங்க. தனி ஆளாப் போகாம மாதர் சங்கம் மூலமா ஒரு கடிதம் குடுங்க. குடுத்ததுக்கு ஒரு கொப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க.

லிந்துலை லயன்:
சரி அண்ணே. முத்திரைல எந்த வருஷம் இருக்குன்னு நாளைக்கு நிறுவை நேரம் போட்டோ எடுக்கச் சொல்றேன், கெடைச்சா இங்க எழுதுறேன்.